இ-ரீடர் வாங்கலாமா ஆச்சி? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மகள் ஓர் இ-ரீடரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து முகப்பில் உட்கார்ந்து படித்தாலும் சரி, பல்லவன் ரயிலில் படித்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்காமல் இருப்பதில்லை. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு எங்கள் வளவில் கூடும் வாசகர் வட்டத்திலும் இதே பேச்சு. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட, "ஆச்சி, அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கை நீள்கிறது.

கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை நோட்டில் எழுதி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தேடிப் பார்த்து, என் கருவியிலேயே செய்தும் பார்த்து, பதிலை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இதுவும் டேப்லெட்தானே ஆச்சி? எதுக்கு வேற பேரு?"

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் திரை வேறு. போனிலும் டேப்லெட்டிலும் திரையே ஒளி விடுகிறது, அந்த வெளிச்சம் நேராகக் கண்ணுக்கு வருகிறது. இ-ரீடரில் இருப்பது 'இ-இங்க்' எனப்படும் திரை. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் லட்சக்கணக்கான குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன, இரண்டுக்கும் எதிரெதிரான மின்னேற்றம். கறுப்பு மேலே வந்த இடம் எழுத்தாகிறது, வெள்ளை வந்த இடம் தாளாகிறது. துகள் ஒருமுறை இடம் மாறிவிட்டால் அப்படியே நிற்கும். பக்கம் புரட்டும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும், அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது.

நடுப்பகலில் முற்றத்து ஓரம் உட்கார்ந்து போனைப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும். அதே இடத்தில் இ-ரீடரை வைத்தால் எழுத்து இன்னும் பளிச்சென்று இருக்கும். வெளிச்சம் கூடக்கூடத் தாளில் எழுத்து தெளிவாவது போலத்தான் இதுவும்.

இ-இங்க் நிறுவனம் 1997-ல், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. 2004-ல் சோனி நிறுவனம் அந்தத் திரையோடு ஒரு கருவியை ஜப்பானில் விற்றது. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. நம் பக்கம் எந்த நிறுவனத்துக் கருவியையும் 'கிண்டில்' என்றே சொல்லிவிடுகிறோம். கோபோ, பூக்ஸ் என்று வேறு பெயர்களிலும் உண்டு.

"கண்ணு கெட்டுப்போகாதா?"

புத்தகம் படித்தால் கண் எவ்வளவு களைக்குமோ அவ்வளவுதான் இதிலும். திரையின் ஓரத்தில் சின்ன விளக்குகள் இருக்கும், அவை திரையின் மேல் ஒளியைப் பரப்புகின்றன, நம் கண்ணைப் பார்த்து எரிவதில்லை. பல கருவிகளில் அந்த ஒளியை மஞ்சளாகவும் மாற்றிக்கொள்ளலாம். 2014 கடைசியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 பேரைச் சில நாட்கள் டேப்லெட்டிலும் சில நாட்கள் அச்சுப் புத்தகத்திலும் படுக்கும் முன் படிக்க வைத்தார்கள். டேப்லெட் நாட்களில் தூக்கம் வரத் தாமதமானது. இரவில் இ-ரீடர் விளக்கைக் குறைத்தோ அணைத்தோ, மேசை விளக்கில் படிப்பது என் பழக்கம்.

எனக்கு 60 தாண்டிவிட்டது. இதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவதுதான். பொடி எழுத்தில் அச்சான பழைய பதிப்புகளை ஒதுக்கி வைத்திருந்தேன், அவற்றில் நாலைந்தை இப்போது படித்து முடித்துவிட்டேன். ஆனால் கண்ணில் புரையோ அழுத்தமோ இருந்தால் கருவி மருந்தாகாது, டாக்டரிடம் போக வேண்டும்.

"போன்லயே படிச்சா என்ன குறைச்சல்?"

குறைச்சல் ஒன்றுமில்லை. கிண்டில், கோபோ இரண்டுக்கும் இலவசச் செயலி இருக்கிறது. முதலில் அதைப் போட்டு ஒரு முழுப் புத்தகம் படித்துப் பாருங்கள். முடித்தீர்கள் என்றால் இ-ரீடருக்குச் செலவழிக்கலாம், பாதியில் விட்டால் பணம் மிச்சம்.

என் அனுபவத்தில் போனில் இருபது பக்கம் தாண்டுவதற்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். இ-ரீடரில் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த இல்லாமைக்காகத்தான் நான் இதை எடுக்கிறேன்.

"எவ்வளவு ஆகும்? எதை வாங்குறது?"

2025 ஏப்ரலில் இந்தியாவில் புதிய கிண்டில் பேப்பர்வொயிட் வந்தபோது விலை 16,999 ரூபாய். 7 அங்குலத் திரை, 16 ஜிபி இடம். விலை ஏறும், இறங்கும், தள்ளுபடி நாட்களில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வந்தாலும் இங்கே வேலை செய்யும். கணக்கை மட்டும் இந்தியக் கடையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி. 300 இருந்தால் போதும். சில பழைய கருவிகளில் 167 தான், அதில் ஆங்கிலம் சமாளித்துவிடும், ஆனால் நம் எழுத்தின் சுழியும் புள்ளியும் மொத்தையாகிவிடும். ண, ன வித்தியாசத்துக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். இடம் எத்தனை ஜிபி என்று அலைய வேண்டாம், எழுத்துப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் 16 ஜிபிக்குள் அடங்கும்.

வண்ணத் திரை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கலைடோ 3 என்ற இப்போதைய வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளை 300 புள்ளி, வண்ணம் 150 தான். நிறம் பழைய காலண்டர் போல மங்கலாக இருக்கும். கதை படிக்க அது தேவையில்லை. பிடிஎஃப் நிறைய படிப்பவர், ஓரத்தில் குறிப்பு எழுதுபவர் என்றால் 10 அங்குலக் கருவியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் வகையில் எல்லாச் செயலிகளையும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் போனில் இருக்கும் தொல்லையும் கூடவே வந்துவிடும். பழைய கருவி வாங்கினால் முந்தியவரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

"தமிழ் ஒழுங்காத் தெரியுமா? எங்க வீட்டுல கொம்பு தனியா, கால் தனியா வந்துச்சே!"

இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதமே இல்லை. முதலில் நல்ல செய்தி: 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குத் தனிப் பகுதி வந்தது. இப்போது விற்கும் கருவிகளில், சரியாகத் தயாரித்த தமிழ்ப் புத்தகம் அழகாகவே தெரிகிறது.

கோளாறு வருவது இரண்டு காரணத்தால். ஒன்று, பழைய கருவி. 'கொ' என்று நாம் எழுதும்போது கணினிக்குள் முதலில் 'க', அப்புறம் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைத்துச் சேர்த்துக் காட்டுவது கருவியின் மென்பொருளுடைய வேலை. அந்த வேலை தெரியாத கருவியில் எழுத்து சிதறும், அல்லது கட்டம் கட்டமாக வரும். மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இரண்டாவது, புத்தகக் கோப்பே பழைய எழுத்துருவில் இருப்பது. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு என்ற முறை பரவுவதற்கு முன் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு முறையில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்திய கோப்புகள் நிறையப் பேரிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றை யூனிகோடாக மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் கருவியைக் கணினியில் செருகி, 'பான்ட்ஸ்' என்ற பெயரில் உள்ள கோப்புறையில் உங்களுக்குப் பிடித்த யூனிகோடு எழுத்துருவைப் போடுங்கள். கிண்டிலிலும் கோபோவிலும் இந்த வசதி இருக்கிறது. இன்னொன்று, வரியை இரு பக்கமும் சமமாக்கும் அமைப்பை அணைத்து, இடப்பக்கம் மட்டும் ஒட்டும்படி வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம். பெரிய எழுத்து வைத்தால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் ஆற்றங்கரை மாதிரி இடைவெளி விழும்.

"பிடிஎஃப் நூத்துக்கணக்குல வச்சிருக்கேன். எல்லாம் இதுல படிக்கலாமா?"

திறக்கும், ஆனால் படிக்கச் சுகமாக இருக்காது. பிடிஎஃப் என்பது பக்கத்தை அப்படியே உறைய வைத்தது. பெரிய தாளில் அச்சான பக்கத்தை 6 அங்குலத் திரையில் சுருக்கினால் எறும்பு ஊர்வது போலிருக்கும், பெரிதாக்கினால் வரிக்கு வரி திரையை நகர்த்த வேண்டும். இ-பப் என்ற வகையில் எழுத்து தண்ணீர் மாதிரி, பாத்திரத்துக்கு ஏற்றபடி ஓடி நிறையும். இ-ரீடருக்கு ஏற்றது அதுதான்.

உங்கள் பிடிஎஃப்பில் ஒரு சொல்லை விரலால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உள்ளே எழுத்து இருக்கிறது, 'காலிபர்' என்ற இலவச மென்பொருளால் இ-பப்பாக மாற்ற முயலலாம். கோவிட் கோயல் என்பவர் 2006-ல் தொடங்கிய மென்பொருள் அது. சொல் பிடிபடவில்லை என்றால் அது பக்கத்தின் புகைப்படம் மட்டுமே, எழுத்து இல்லை. அதைப் படிக்கக் கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பி, ஓர வெள்ளையை வெட்டிப் பாருங்கள், ஓரளவு சமாளிக்கலாம்.

கிண்டிலுக்கு நம் கோப்பை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். 2022 முதல் அந்த வழியில் இ-பப்பையும் ஏற்றுக்கொள்கிறது.

"காசில்லாம தமிழ்ப் புத்தகம் எங்க கிடைக்கும்?"

மதுரைத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். 1998 பொங்கல் அன்று ஆரம்பித்து, உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை பார்த்து ஏற்றியவை. சங்க இலக்கியம், கம்பன், திருமுறை, பிரபந்தம் எல்லாம் உண்டு. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்குப் போய் உட்கார்ந்து, கையிலிருந்த கருவியில் சுந்தரகாண்டம் படித்த அந்தப் பங்குனி மாலையை நான் மறக்க மாட்டேன். சா. கணேசன் ஐயா 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியபோது தலையணை தலையணையாக இருந்த நூல் இன்று உள்ளங்கையில் இருக்கிறது.

2013-ல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' தளத்தில் எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த புத்தகங்கள் இ-பப்பாகவே கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய பழைய பதிப்புகள் இருக்கின்றன, பெரும்பாலும் பிடிஎஃப். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005-ல் தொடங்கிய நூலகம் தளம். சிங்கப்பூரில் பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள், அந்நாட்டு தேசிய நூலக உறுப்பினர்கள் தமிழ் மின்நூல்களையும் இரவல் எடுக்கலாம்.

"வாட்ஸ்அப் குரூப்புல புது நாவலெல்லாம் வருதே, போட்டுக்கலாமா?"

வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை அவர் குடும்பத்துக்கு. கல்கி 1954-லும் புதுமைப்பித்தன் 1948-லும் மறைந்தவர்கள், அவர்கள் எழுத்து அரசால் நாட்டுடைமையும் ஆகிவிட்டது, தாராளமாகப் படிக்கலாம். நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் மறைந்தது 1981. அந்த 60 ஆண்டுக் கணக்குப்படி 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது.

தமிழ்நாவல் எழுதிச் சோறு தின்பவர்கள் மிகக் குறைவு. 100 ரூபாய்க்கும் கீழே மின்நூல் கிடைக்கும்போதும் திருட்டுக் கோப்பை ஏற்றிக்கொண்டால் அடுத்த புத்தகத்தை அவர் எதற்காக எழுதுவார்? என்னிடம் யாராவது அனுப்பினால் திருப்பி இதையே கேட்கிறேன்.

"சூடு, தூசி, கரண்ட் கட். நம்ம ஊருக்குத் தாங்குமா?"

கரண்ட் கட் நாளில்தான் இதன் அருமை தெரியும். சூடு விஷயத்தில் கவனம் வேண்டும். உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம், வெப்பத்தில் அதன் ஆயுள் குறையும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு குன்றக்குடி மலை ஏறாதீர்கள். மின்வேதியியலுக்கென்றே 1953-லிருந்து 'சிக்ரி' ஆய்வகம் இயங்கும் ஊர் நம்முடையது. மின்கல ஆராய்ச்சி நம் தெருவுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது என்று வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு.

தண்ணீருக்கு, கிண்டிலில் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தால் நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் வரை தாங்கும் என்று பொருள். இ-ரீடரின் உண்மையான எதிரி அழுத்தம். திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி. என் முதல் கருவியைப் பையில் வைத்து, அதன் மேல் பித்தளைத் தூக்குவாளியை வைத்துப் பேருந்தில் வந்தேன். தேவகோட்டையில் இறங்கிப் பார்த்தால் பாதித் திரையில் கோடு. மாற்றும் செலவு புதுசு வாங்கும் செலவுக்குப் பக்கத்தில் வந்தது. கெட்டி உறை ஒன்று கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

"எங்க பையன் பத்தாவது. பாடப் புத்தகத்தை இதுல போட்டா முதுகுப் பாரம் குறையுமே?"

பாடப் புத்தகம் வண்ணப் படமும் பெரிய பக்கமும் கொண்ட பிடிஎஃப். மேலே பிடிஎஃப் பற்றிச் சொன்ன சிரமம் எல்லாம் இதற்கும் பொருந்தும். பாடத்துக்கு டேப்லெட்டோ அச்சுப் புத்தகமோதான் சரி. கதை படிக்கும் பிள்ளை என்றால் யோசிக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

"எங்க ஆயாவுக்குப் பார்வை போயிடுச்சு. இது வாசிச்சுக் காட்டுமா?"

அதற்குப் போன்தான் நல்லது. ஆண்ட்ராய்டு போனில் தமிழ்க் குரல் இருக்கிறது, இ-பப் வாசிக்கும் செயலியோடு சேர்த்தால் தொடர்ந்து படிக்கும். குரலில் உணர்ச்சி குறைவு, ஆனால் சொல் புரியும். கோப்புக்குள் எழுத்து இருக்க வேண்டும். பக்கப் புகைப்படமாக இருக்கும் பிடிஎஃப்பை அதனால் அப்படியே வாசிக்க முடியாது. விரலால் சொல்லைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை முன்னே சொல்லியிருக்கிறேன்.

பேரப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தினம் நாலு பக்கம் வாசித்தால் ஆயாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெரிய எழுத்தில் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள், இதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்.

"காசு கொடுத்து வாங்கின புத்தகம் நம்மளுதுதானே? பேரனுக்கு விட்டுட்டுப் போகலாமா?"

கல்யாணச் சீரில் கரண்டி வரை கணக்கு எழுதி வைப்பவர்கள் நாம். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான மின்நூல் கடைகளில் நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் அனுமதியை. கணக்கு நம் பெயரில் இருக்கும் வரை அந்த அனுமதி. அலமாரியில் இருக்கும் புத்தகம் போலப் பாகம் பிரித்துக் கொடுக்க முடியாது.

நடந்த கதைகள் இருக்கின்றன. 2009-ல் ஜார்ஜ் ஆர்வெல் நூல்களின் இரு பதிப்புகளை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் வாங்கியவர்களின் கருவியிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் ஒரு மாணவர் எழுதி வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்கள் திறக்காமல் போயின, அங்கும் பணம் திரும்பியது. வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியைக் கிண்டில் 2025 பிப்ரவரி 26 முதல் எடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது அனுமதி மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது.

அதற்காக மின்நூலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருமுறை படித்து முடிக்கும் நாவலுக்கு அனுமதி போதும். திரும்பத் திரும்ப எடுக்கும் நூலை அச்சில் வாங்குங்கள். நகல் எடுக்க விடாத பூட்டு இல்லாமல் இ-பப்பாகத் தரும் இடங்களில் வாங்கியதையும் இலவசமாக இறக்கியதையும் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் சேர்த்து வையுங்கள், அது நிஜமாகவே உங்களுடையது. கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

"இன்னும் இருபது வருஷத்துல அச்சுப் புத்தகமே இருக்காதாமே?"

கிண்டில் வந்தபோதும் இதையே சொன்னார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் இன்றும் நடக்க இடமில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்பதே என் எண்ணம். கருவியில் வண்ணம் தெளிவாகும், எழுதும் வசதி பரவும், வாசிக்கும் குரல் மனிதக் குரலுக்கு நெருங்கும். இதெல்லாம் எங்கோ இருக்கும் நிறுவனங்கள் செய்துவிடும், நாம் கவலைப்பட வேண்டாம்.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிழையில்லாத தமிழ் எழுத்தாக ஒரு புத்தகம் இல்லை என்றால் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. தமிழ் மின்வாசிப்பின் எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது அந்த வேலைதான். அதில் செட்டிநாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அடுத்த கேள்வி அதுதான்.

"ரெண்டாங்கட்டுல பெட்டி பெட்டியாப் பழைய புத்தகம். எல்லாம்தான் நெட்டுல வந்துடுச்சே, எடைக்குப் போட்டுடவா?"

போடாதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் வந்துவிடவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துப் பாருங்கள். படம் வரைந்து, பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். மற்றவர்கள் கழித்துப் போட்ட புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. இன்று உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள். நமக்குக் குப்பையாகத் தெரிந்த காகிதம் அது.

பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வந்த வீடுகளில் அங்கே அச்சான சிறு நூல்கள் இருக்கும். 1920-களில் காரைக்குடியிலிருந்து வந்த குமரன், ஊழியன் இதழ்கள் ஒன்றிரண்டு கிடக்கலாம். கோயில் கணக்கு, பாட்டுப் புத்தகம், சங்க ஆண்டறிக்கை எதையும் கழிக்காதீர்கள். வீட்டுக் கதவும் தூணும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்குப் போனால் காசாவது வரும், யாராவது போற்றி வைத்துக்கொள்வார்கள். காகிதம் எடைக்குப் போனால் கூழாகிவிடும், திரும்ப வராது.

முதலில் செய்ய வேண்டியது: பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்து, ராமபாணப் பூச்சியும் கரையானும் இருக்கிறதா பாருங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் நொறுங்கும். ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஆண்டும் அச்சகமும் ஊரும் தெரியும்படி பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலை ஆராய்ச்சி நூலகங்களுக்கு அனுப்பினால் எது அரியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புத்தகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

"சரி ஆச்சி, ஒரு பழைய புத்தகத்தை நாமளே இதுல படிக்கிற மாதிரி மாத்தணும்னா எப்படி?"

நாலு வேலை: பக்கம் பக்கமாகப் படம் எடுப்பது, படத்திலிருந்து எழுத்தைப் பிரிப்பது, பிழை திருத்துவது, இ-பப் ஆக்குவது. படம் எடுக்கப் போனே போதும், பக்கவாட்டில் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் புத்தகத்தைச் சமமாக வையுங்கள். எழுத்தைப் பிரிக்க, தமிழ் தெரிந்த இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தாலே எழுத்து வந்துவிடும். இ-பப் ஆக்க முன்னே சொன்ன காலிபர். உரிமைக் கணக்கை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் பிடிப்பது பிழை திருத்தம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் மேலே துதிக்கை வைத்த உருவத்தில் அச்சாயின. ணா, றா, னா மூன்றும் வளைந்து சேர்ந்த உருவத்தில் இருந்தன. மென்பொருள் பழகியது பெரும்பாலும் புது உருவத்தில், பழைய 'னை'யைக் கண்டால் வேறொன்றாகப் படித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் சந்தி பிரிக்காமல் அடித்த நீளச் சொற்களையும் நடுவில் தவறாக வெட்டுகிறது. பழைய எழுத்தில் படித்த 70 வயதுக்காரர் ஒருவர் மூலத்தைப் பார்த்து வாசிக்க, தட்டச்சுத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் திருத்த, இருவராக உட்கார்ந்தால் மணிக்கு ஐந்து பக்கம் நகரும்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் ரங்கூனில் அச்சான ஒரு பாட்டுப் புத்தகம் கிடைத்தது, 48 பக்கம், எழுதியவர் மறைந்து 60 ஆண்டு தாண்டிவிட்டது. வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர் சேர்ந்து இதுவரை 31 பக்கம் முடித்திருக்கிறோம். 32-ம் பக்கத்தில் பூச்சி அரித்த இரண்டு வரி இருக்கிறது. வேறு யார் வீட்டிலாவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்று பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.